வாவியில் ஒரு நீலப் புள்ளி

...ஆகவே இனிமேல் இந்த வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டிய அவசியமே இல்லை, கவலை என்பது சிக்னல் வருவதற்கு முன்பு மனித குலம் கைவசம் வைத்திருந்த ஒரு கருவி, அம்மி மாதிரி, ஆட்டுக்கல் மாதிரி, அதற்கு இன்று காலையோடு குருக்கள்மடத்தில் ஓய்வு கொடுத்தாயிற்று, என்று முழுமனதோடு நம்பியபடி மதுஷன் லெப்டொப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் மட்டக்களப்பு வாவி, வாவியில் ஒரு நீலப் புள்ளி, அந்தப் புள்ளிதான் அப்பா. அப்பா என்றால் அப்பாவின் சட்டைப் பையில் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்த போன், போனுக்குள் மதுஷன் எழுதிய செயலி, செயலி அனுப்பும் இடக்குறிப்பு... சுருக்கமாக, அப்பா. புள்ளி மெல்ல மேற்கே நகர்ந்தது, கரையோரச் சதுப்பில் கண்ணா மரங்கள் அடர்ந்த மூலையைத் தாண்டியது, இப்போது வலையைப் பார்க்கிறார் போல, கொஞ்சம் நின்று கொஞ்சம் அசைந்தது. தோணி ஒருபோதும் முழுதாக நிற்காது, கம்பு ஊன்றிக் கட்டினாலும் காற்றுக்கு ஆடும், அது ஆட ஆடப் புள்ளியும் ஆடும், ஆடும் வரைக்கும் அப்பா நலம். போன மாதம் இதே வாவியில், இதே தோணியில், பிரசர் கூடித் தலை சுற்றி விழுந்து கிடந்தவரை அடுத்த தோணிக்காரர்கள் கண்டு இழுத்து வந்தார்கள், அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள், தோணி இனி இந்த வளவுக்குள் கிடக்கப்படாது, நல்லரத்தினம் விலைக்குக் கேட்டுக்கொண்டு திரிகிறான், அவனுக்கே கொடுத்துவிடுவோம். அப்பா மூன்று நாள் கதிரையில் இருந்து மின்விசிறியைப் பார்த்தார், நாலாம் நாள் சோற்றையும் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். அப்போதுதான் மதுஷன் நடுவில் புகுந்தான், நான் ஒரு அப் செஞ்சு தாறன், அப்பா எங்க நிக்கிறாரெண்டு வீட்டிலிருந்தே பாக்கலாம், ஒரு காலை முழுக்கப் புள்ளி நிக்காம ஓடினா தோணி இருக்கட்டும், நிண்டா நல்லரத்தினத்துக்கு. அம்மா ஓம் என்றாள். அந்தக் காலை இதுதான்.

குசினியிலிருந்து தேங்காய் துருவும் சத்தம் வந்தது, அம்மாவின் போன் அரிசி வாளியின் மூடியில் கிடந்தது, இன்றைக்கு அதைத் தொடக்கூடாது என்பது ஒப்பந்தத்தின் இரண்டாவது நிபந்தனை, அதையும் மதுஷன்தான் போட்டான், ஏனென்றால் அம்மாவின் முறையைவிடக் கேவலமான ஒரு தொழில்நுட்பத்தை அவன் படித்த எந்தப் பாடத்திலும் கண்டதில்லை. தண்ணிக்குப் போன மனுசனிடம் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கக்கூடாது, எப்போது வருவீர்கள் என்றும் கேட்கக்கூடாது, கேட்டால் கூடாது, ஏன் கூடாது என்று கேட்பதும் கூடாது, இது அம்மாவுக்கு அவளுடைய அம்மாவிடமிருந்து இறங்கிய சட்டம். ஆனால் அறியவும் வேண்டுமே, அதனால் அம்மா ஒரு வழி வைத்திருந்தாள்... போனில் கோல் எடுப்பாள், இஞ்சாருங்க, அந்த உப்புப் பைக்கட்ட எங்க வச்சீங்க என்பாள், உப்புப் பைக்கட் அவள் கையிலேயே இருக்கும். அப்பா அங்கிருந்து, அலுமாரிக்கு மேல பாரு என்பார். வைத்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தரிக்கோல், பிறகு கரண்ட் பில், பிறகு பக்கத்து வீட்டு ஆட்டின் கயிறு. மதுஷன் இதைக் கம்பஸில் ஒரு சிலைட்டாகவே போட்டுக் காட்டினான், தலைப்பு அன்னப்பூரணி நெறிமுறை, ஒரு முனை தேவையில்லாத கேள்வியை அனுப்பும், மறுமுனை தேவையில்லாத பதிலை அனுப்பும், கடத்தப்பட்ட தகவல் பூச்சியம். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வாசித்தான், வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது, விரிவுரையாளர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவின் பெயரைப் போட்டிருக்கக்கூடாதோ... சரி, போட்டாயிற்று, பெயரில்லாத நெறிமுறையை யார் மதிப்பார்கள்.

ஆனால் செயலிக்காரனுக்கும் ஒரு எதிரி உண்டு, அது வாவியோ காற்றோ அல்ல, போன்தான். திரையை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டதும் போன் தன் பட்டரியைக் காப்பாற்றப் புறப்படும், பின்னால் ஓடும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தூங்க வைக்கும், தூங்க மறுப்பதைக் கொன்றுவிடும், யாரிடமும் சொல்லாது. அதைத் தாண்ட மதுஷன் என்னவெல்லாம் செய்தான், திரையின் மேலே எப்போதும் ஒரு அறிவித்தல் நிற்க வைத்தான், இது முக்கியமான வேலை செய்கிறது கொல்லாதே என்று போனிடம் கையெழுத்து வாங்குவதைப் போல, பட்டரி செட்டிங்ஸுக்குள் போய் இந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு வாங்கினான், அந்த விலக்குக்கு இன்னொரு விலக்கு வேறொரு மெனுவுக்குள் ஒளிந்திருந்தது, அதையும் வாங்கினான். கூடப் படிக்கிற தனுஷியா மட்டும் இன்னொரு வழி சொன்னாள், சத்தமே இல்லாத பாட்டொண்டப் போட்டு விடு, பாட்டுப் போகுதெண்டு நினைச்சுப் போன் கொல்லாது. மதுஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தான், நீ போனை ஏமாத்தச் சொல்றாய் என்றான். ஏமாத்தாம அப் எழுத நீ என்ன காந்தியா என்றாள். என் செயலி தன் நெஞ்சைத் தட்டிச் சொல்லும், நான் உயிரோடு இருக்கிறேன் என்று, பாட்டுக்குப் பின்னால் ஒளியாது, என்று அவன் சொன்னபோது அவள் கொட்டாவி விட்டாள்.

புள்ளி நின்றது.

முதலில் அவன் கண் இமைத்ததால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தான், பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கினான், பெரிதான வாவியில் பெரிதான புள்ளி பெரிதாக நின்றது, ஆடவே இல்லை. அடியில் சாம்பல் எழுத்தில் ‘கடைசியாக அறிந்தது சற்று முன்பு’ என்று வந்தது, அதை எழுதியவனும் அவன்தான், எழுதும்போது எவ்வளவு அழகான வாசகம் என்று தன்னையே மெச்சிக்கொண்டான், இப்போது அது மரண அறிவித்தல் மாதிரி இருந்தது. இல்லை, போன் தூங்க வைத்திருக்கும். இல்லை, அப்பாவே தள்ளிவிட்டிருப்பார், அவருக்கு ஒரு பழக்கம், போனைக் கையில் எடுத்தால் ஓடுகிற எல்லாவற்றையும் விரலால் மேலே தள்ளி மூடுவார், அப்பதான் போன் இளைப்பாறும் எண்டு யாரோ சந்தைக்குள் சொன்னார்களாம், இதை மட்டும் தள்ளாதீங்கப்பா என்று மதுஷன் சொன்னான், ஓம் ஓம் என்றார், ஓம் ஓம் என்று அப்பா இரண்டு தரம் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம். அல்லது... அந்த அல்லதுக்குப் பிறகு அவன் போகவில்லை. தூங்கிய போனும் மூடிய செயலியும் தோணிக்குள் மல்லாந்து கிடக்கிற மனுசனும் திரையில் ஒரே மாதிரித்தானா இருக்கும், இதை எப்படி அவன் யோசிக்காமல் விட்டான், மூன்றுக்கும் ஒரே நீலம், ஒரே சாம்பல் எழுத்து.

“என்ன மனே, ஓடுதா?” என்று குசினியிலிருந்து அம்மா கேட்டாள். “ஓம்மா, ஓடுது” என்று அவனுடைய வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது. கை தானாகத் திரையில் இன்னொரு சன்னலைத் திறந்தது, அங்கே ஒரே ஒரு வரி எழுதினால் போதும், தகவல் வராத நேரங்களில் புள்ளி தானாகச் சற்றே ஆடும், தோணி ஆடுவதைப் போல, அம்மா வந்து பார்த்தாலும் அப்பா நலம், நல்லரத்தினம் வந்தாலும் அப்பா நலம், தோணி வளவிலேயே கிடக்கும். எழுதினான். எழுதிவிட்டு ஓட்டாமல் இருந்தான். அப்பா அசையாமல் கிடக்க அவருடைய புள்ளி மட்டும் ஆடிக்கொண்டிருப்பதை நினைத்ததும் விரலை விசையிலிருந்து எடுத்தான். கோல் எடுக்கலாம், போன் எதைத் தூங்க வைத்தாலும் கோலைத் தூங்க வைக்காது, ஆனால் கோல் எடுத்தால் செயலி தோற்றது, செயலி தோற்றால் தோணி போகும், தோணி போனால் அப்பா கதிரையில்... கோல் எடுக்காவிட்டால்? சாம்பல் எழுத்து, சற்று முன்பு என்பதிலிருந்து கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்று மாறியது. அந்த மாற்றத்தையும் அவன்தான் எழுதினான்.

எழுதிய வரியை அழித்தான். தன் போனை எடுத்துக்கொண்டு முன் கதவடிக்குப் போனான், முதுகைக் குசினிப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்பாவுக்கு அடித்தான். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, அவன் வாசல் படியில் ஊர்ந்த எறும்பு வரிசையை ஏதோ பரீட்சைக்குக் கேட்கப்போகிறார்கள் என்பதைப் போலப் பார்த்தான், எடுங்கப்பா, எடுங்க, நுனி நாக்கில் எங்க நிக்கிறீங்க என்பது வந்து நின்றது, அதைக் கேட்க முடியாது என்று இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, விஞ்ஞானம் படித்தவன், ஒரு மூட நம்பிக்கையும் இல்லாதவன், ஆனால் வாய் வரவில்லை. “என்ன மனே?” அப்பாவின் குரல், பின்னால் தண்ணீர் தோணியில் மோதும் சத்தம். மதுஷனின் கண் எதிரே சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள் பம்பில் பட்டது. “அப்பா... சைக்கிள் பம்ப எங்க வச்சீங்க?”

அப்பா, மிகவும் நிதானமாக, “கோழிக் கூட்டுக்குப் பின்னால கிடக்கும் பாரு, இல்லாட்டி மாமாட வீட்ட கேளு” என்றார். ஓமப்பா, பாக்கிறன் என்றான். வைத்துவிட்டார். மதுஷன் பம்பைப் பார்த்தபடி நின்றான். காலையில் டயருக்குக் காற்றடித்துவிட்டு இந்தச் சுவரில் அதைச் சாத்தியவர் அப்பா, அவன் பார்த்துக்கொண்டு நிற்கச் சாத்தினார், அப்படியானால் கோழிக் கூடு எங்கிருந்து வந்தது, மாமா எங்கிருந்து வந்தார், அலுமாரிக்கு மேல் இருந்த உப்புப் பைக்கட் எங்கிருந்து வந்தது?

தேங்காய் துருவும் சத்தம் நின்றிருந்தது. அம்மா துருவலைக் கையிலிருந்து தட்டியபடி குசினி வாசலில் நின்றாள், லெப்டொப்பை ஒருதரம் பார்த்தாள், சுவரோரம் பம்பையும் பார்த்தாள். “என்னவாம்?” என்றாள். “கோழிக் கூட்டுக்குப் பின்னாலயாம்” என்றான். “ஓம், அங்கதான் கிடக்கும்” என்றாள், முகத்தில் ஒரு கோடும் அசையாமல்.

“புள்ளி நிண்டுட்டும்மா.”

“தெரியும். நீ கதவடிக்குப் போகக்குள்ளயே விளங்கிற்று.”

“அப்ப நல்லரத்தினம் வந்தா?”

“வந்தா தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகட்டும். இண்டைக்கு.” உள்ளே திரும்பியவள் அரைவாசியில் நின்றாள். “அப்பா விழுந்த அண்டைக்கு நான் அடிச்சு அடிச்சுப் பாத்தன் மனே. மணி போச்சுது, எடுக்கல்ல. உண்ட அப் நிண்டா என்னெண்டு நினைக்கிறதெண்டு தெரியல்ல, என்ட கோல் எடுக்காட்டி மட்டும் தெரியுமா?” அரிசி வாளியின் மூடியில் கிடந்த போனைப் பார்த்தாள். “கொஞ்சத்தால நான் எடுக்கிறன். அதுக்குப் புறகு நீ. ஒரே ஆள் எடுத்தா அந்த மனுசனுக்கு அலுப்பு வந்திரும்.”

துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. மதுஷன் கதிரையில் வந்து இருந்தான், நீலப் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது, அதை அவன் மூடவில்லை. அடுத்த முறை அவன், அப்படியானால் என்ன கேட்பது, பம்பை மறுபடி கேட்க முடியாது, குடை கேட்கலாம், குடை கொடியில் தொங்குகிறது, அது அப்பாவுக்கும் தெரியும், தெரிந்தால்தான் நல்லதோ... நகவெட்டி, சாவிக்கொத்து, டோர்ச்... அம்மாவுக்கு இத்தனை வருடமாக இவை தீர்ந்து போகவே இல்லையா, அல்லது தீர்ந்து போய்த் திரும்பவும் முதலிலிருந்து கேட்டாளா, அப்பாவும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு இடம் சொன்னாரா? மேசையிலிருந்து ஒரு பேனையை எடுத்து, அதன் பின்முனையில் செருகியிருந்த மூடி எங்கே போயிற்று என்று உண்மையாகவே தெரியாதவனைப் போல மதுஷன் தேடத் தொடங்கினான்.