சிவப்பு வட்டத்துக்குள் அலோய்சி வீடு

நாலு வருஷமாக ஓல்ஷினி நகராட்சி காற்றில் கலந்த தூசின் அளவை அட்டவணையாகத்தான் இணையதளத்தில் போட்டுவந்தது. தேதி, மணி, எண். அதை மாதத்துக்குப் பத்துப் பேர் பார்த்தால் அதிகம். அந்தப் பத்தில் ஒருத்தி, அட்டவணையைத் தயாரித்த போக்னாவேதான்.

நவம்பரில் பிரிவுத் தலைவர் ஒக்டாவியன் அவளைக் கூப்பிட்டார். "இந்த எண்ணை எவன் படிப்பான்? ஒரு வரைபடம் போடு. கலர் கலரா இருக்கணும். பள்ளிக்கூடத்துப் பையன் பார்த்தாலும் சட்டுனு புரியணும்."

போக்னா போட்டாள். ஊரில் காற்று அளக்கும் கருவிகள் நாலே நாலுதான். மேட்டில் பள்ளிக்கூடம், தேவாலயம், நகராட்சி அலுவலகம் ஆகியவற்றில் மூன்று இருந்தன. நாலாவது பள்ளத்தில், ஓடைத் தெருவில், அலோய்சி வீட்டுச் சுவரில். நாலு புள்ளிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தையெல்லாம் கணினி தானே நிறம் பூசி நிரப்பியது. மேடு முழுக்கப் பச்சை, சரிவில் மஞ்சள், ஓடைத் தெருவில் தக்காளியைப் பிழிந்து விட்டது போல ஒரு சிவப்பு வட்டம். வட்டத்தின் நட்டநடுவில் அலோய்சியின் வீடு.

பள்ளத்தில் அங்கே மட்டும்தான் கருவி இருக்கிறது, அதனால்தான் அது நடு என்று போக்னாவுக்குத் தெரியும். ஒரு குறிப்பு எழுதிச் சேர்க்கலாமா என்று கேட்டாள். "படம் போட்டதே எழுத்து வேண்டாம்னுதானே" என்றார் ஒக்டாவியன். எட்டாயிரம் பேர் உள்ள ஊரில் மூவாயிரம் பேர் முதல் நாளே அதைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை ஸ்டெஃபானியாவின் ரொட்டிக் கடையில் அதுதான் பேச்சு.

"ஏண்டி போக்னா, அந்த ஆளு என்னதான் எரிக்கிறான்? டயரா?" என்றாள் ஸ்டெஃபானியா, கசகசாக் கேக்கை வெட்டிக்கொண்டே.

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. கருவி அங்க இருக்கு, அவ்வளவுதான்."

"நீ போட்ட படம்தானே சொல்லுது! என் பேத்தி ராவெல்லாம் இருமுறா. நானும் வானிலைன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

அலோய்சி ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் தனியாள். கொல்லையில் நாற்பது பந்தயப் புறாக்கள் வளர்த்தார். புறாக்களுக்கு நல்ல காற்று வேண்டும் என்றுதான் கருவிக்குத் தன் சுவரைத் தாமாகவே முன்வந்து கொடுத்திருந்தார். இது போக்னாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன? அன்று முதல் தினமும் மாலை வீடு திரும்பும்போது அவள் கண் அவர் புகைபோக்கியின் மேல் போய் நின்றது. புகை கொஞ்சம் கறுப்பாகத்தான் இருந்தது. ஒருவேளை, என்று தோன்றியது. அவ்வளவு அதிகமான எண், காரணமில்லாமலா வரும்?

அதே தெருவில் பதினோரு வீடு தள்ளித்தான் அவளும் இருந்தாள். கணவன் ஜெர்மனியில் கட்டட வேலை. கீழ்த்தளத்தில் மாமனார் ஜெனோன். நிலவறையில் இருந்த, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் அவர் பொறுப்பு.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்" என்றார் ஜெனோன், சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "தெருவுல இருபத்தாறு பேரு போட்டுட்டாங்க. அந்தப் புறாக்காரன் வீட்டுல சோதனை போடணும்னு."

"அவர் மேல தப்பு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"படம் போட்டது யாரு? நீதானே?"

நகரக் காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அலோய்சியின் அடுப்பிலிருந்து சாம்பலை எடுத்துப் போனார்கள். நல்ல நிலக்கரி, காய்ந்த விறகு, வேறொன்றுமில்லை என்று பத்து நாளில் முடிவு வந்தது. யாரும் நம்பவில்லை. காவலர்களில் ஒருவனும் புறா வளர்க்கிறவனாம், கூட்டாளியைக் காப்பாற்றுகிறானாம். வருகிறார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்களாம். அலோய்சி ரொட்டி வாங்க வந்தால் கடையில் பேச்சு நின்றது. வெளியே போனதும் மறுபடி தொடங்கியது.

டிசம்பர் நாலாம் தேதி, சுரங்கத் தொழிலாளர் திருநாளன்று, ஊரே தேவாலயத்தில் இருந்த நேரத்தில் யாரோ அவருடைய புறாக் கூண்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். வாசற்கதவில் தாரால் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். அந்த உறைபனியில் பறந்த புறாக்களில் இருபத்தேழு திரும்பின. பதின்மூன்று திரும்பவில்லை.

அன்றைக்கே அலோய்சி மின்கம்பியைப் பிடுங்கி, கருவியைச் சுவரிலிருந்து கழற்றி உள்ளே வைத்தார்.

மறுநாள் காலை போக்னா வரைபடத்தைத் திறந்தபோது முதலில் தன் கண்ணையே நம்பவில்லை. சிவப்பைக் காணோம். நாலாவது புள்ளி இல்லாததால் கணினி மேட்டில் இருந்த மூன்று புள்ளிகளை வைத்துப் பள்ளத்துக்கும் நிறம் பூசியிருந்தது. ஓடைத் தெரு பசும்புல் போலப் பச்சையாக இருந்தது.

"பாத்தியா?" என்றாள் ஸ்டெஃபானியா. "கதவுல எழுதினதும் நிறுத்திட்டான் பாரு. காத்தே மாறிப்போச்சு!"

கடையில் இருந்தவர்கள் மூச்சை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். போக்னாவும் இழுத்துப் பார்த்தாள். நேற்றிருந்த அதே கசந்த நாற்றம், தொண்டையில் ஒட்டும் நாற்றம். நாற்றத்தை மூக்கில் வைத்துக்கொண்டே ஒரு கடை நிறைய மனிதர்கள் அவள் போட்ட பச்சையை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பகல் உணவு இடைவேளையில் அலோய்சி வீட்டுக்குப் போனாள். அவர் கதவைத் தாருக்கு மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"கருவியை மறுபடி மாட்ட முடியுமாய்யா? நீங்க எடுத்ததும் படம் பச்சையாயிருச்சு. அது பொய்."

"முன்னாடி சிவப்பா இருந்ததே, அது?"

அவள் கண் கதவில் பாதி தேய்ந்திருந்த எழுத்துகளின் மேல் போனது.

"நீ படிச்சவ. கருவி இருக்கற எடம் வேற, புகை வர்ற எடம் வேறன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என் வீட்டைச் சுத்தி வட்டம் போட்டே." தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளை நேராகப் பார்த்தார். "நீயும் என்னைத்தானே சந்தேகப்பட்டே? தினம் சாயந்திரம் நின்னு என் புகைபோக்கியைப் பாத்தியே, நான் கவனிக்கலன்னு நினைச்சியா?"

போக்னாவின் முகம் சுட்டது. "பட்டேன்யா" என்றாள்.

அவர் உள்ளே போய்க் கருவியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். "கொண்டுபோய் உன் வீட்டுச் சுவத்துல மாட்டு. வட்டம் எங்க வருதுன்னு பாப்போம்."

மாட்டினாள். ஜெனோன் ஏணியைப் பிடித்துக்கொண்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. "நம்ம வீட்டுல எதுக்கு இந்தச் சனியன்?"

இரண்டாம் நாளே சிவப்பு திரும்பி வந்தது. இம்முறை போக்னாவின் வீட்டைச் சுற்றி. முன்பைவிட அடர்ந்த சிவப்பு. கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஸ்டெஃபானியா பாக்கிச் சில்லறையை அவள் கையில் தராமல் மேசைமேல் வைத்தாள். அலோய்சி இத்தனை நாளாக எதைச் சுமந்தார் என்பது போக்னாவுக்கு அப்போது புரிந்தது.

அலுவலகத்தில் உட்கார்ந்து மணிவாரியான எண்களை ஒரு கோடாக வரைந்து பார்த்தாள். பகலெல்லாம் கோடு தாழ்ந்தே போனது. மாலை நாலரைக்குச் செங்குத்தாக எழும்பி ஏழு மணிக்கு இறங்கியது. ஒவ்வொரு நாளும் அப்படியே. அதற்குக் கீழே, அலோய்சி வீட்டில் இருந்தபோது அதே கருவி காட்டிய எண்களையும் வரைந்தாள். அங்கேயும் அதே ஏற்றம், ஆனால் கால் மணி நேரம் தாமதமாக, கொஞ்சம் குட்டையாக. அதுவும் மேற்கிலிருந்து காற்று வீசிய நாட்களில் மட்டும். அலோய்சி வீட்டுக்கு மேற்கே ஒன்பது வீடுகள் இருந்தன. பத்தாவது ஒரு காலி மனை. பதினோராவது அவளுடையது.

நாலரை மணிக்கு ஜெனோன் பாய்லர் மூட்டுவார்.

அன்று முன்கூட்டியே கிளம்பினாள். நாலே முக்காலுக்கு நிலவறைப் படியில் இறங்கினாள். வார்னிஷ் வெந்து உருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் சமையலறை அலமாரிக் கதவுகள், கட்டில் பலகைகள், பிளாஸ்டிக் விளிம்பு ஒட்டிய பிளைவுட் துண்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஜெனோன் ஒரு துண்டை முழங்காலில் வைத்து ஒடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கேருந்து மாமா இதெல்லாம்?"

"ஃபர்னிச்சர் கடைப் பின்பக்கம். சும்மா குடுக்கறான். எல்லாரும்தான் எரிக்கிறாங்க."

"அலோய்சி எரிக்கல."

ஜெனோன் துண்டை உள்ளே போட்டு இரும்புக் கதவை மூடினார்.

"தெரிஞ்சே கையெழுத்துப் போட்டீங்களா?"

"படம் அவன் வீட்டைக் காட்டுச்சு. நான் போடலன்னா, ஏன் போடலன்னு கேப்பாங்க."

"கூண்டைத் திறந்தது?"

"அது நான் இல்ல! ஆண்டவன் சத்தியமா நான் இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையாக இருக்கலாம். நம்ப முடியவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதர். காலையில் நகரக் காவலர்களை அவளே தொலைபேசியில் அழைத்தாள். அதன்பின் ஜெனோன் அவளோடு சாப்பிட மேலே வரவில்லை.

வரைபடத்தைப் புதிதாகப் போட்டாள். நிறம் பூசி நிரப்பும் வேலையை நிறுத்தினாள். நாலு புள்ளிகள் மட்டும். மிச்ச ஊர் முழுக்கச் சாம்பல் நிறம், அதன்மேல் பெரிய எழுத்தில் 'இங்கே கருவி இல்லை. எங்களுக்குத் தெரியாது.' யாரையும் கேட்காமல் வெளியிட்டாள்.

ஒக்டாவியன் அவள் மேசைக்கே வந்துவிட்டார். "ஊரே சாம்பலாக் கெடக்கு! ஜனங்களுக்கு இதுல என்ன புரியும்?"

"நமக்குத் தெரியாதுங்கறது புரியும் சார்."

"அதைச் சொல்லவா நகராட்சி நடத்தறோம்?"

அன்று மாலைக்குள் அவர் அதை எடுத்துவிடுவார் என்று நினைத்தாள். எடுக்கவில்லை. தங்கள் சுவரிலும் ஒரு கருவி மாட்டச் சொல்லி அதற்குள் மூன்று வீட்டார் கடிதம் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மாட்டி எங்களைக் காட்டிக் கொடுப்பதற்கு முன்னால், என்று ஒருவர் எழுதியே இருந்தார்.

வெள்ளிக்கிழமை அலோய்சி அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"அந்தப் பழைய படம், சிவப்பு வட்டம் போட்டது, எனக்கு ஒரு பிரதி வேணும். பெருசா."

"அது எதுக்குய்யா?"

"அது தப்புன்னு அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. கதவுல தார் போகல. அது மேல ஒட்டப் போறேன்."

ஒக்டாவியன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நகராட்சி முத்திரை எல்லாம் வைக்க முடியாது, சொல்லிட்டேன்."

போக்னா படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்தாள். சிவப்பின் குறுக்கே தடித்த பேனாவால் எழுதினாள்: 'புகை இந்த வீட்டிலிருந்து வரவில்லை. இப்படி வரைந்தது நான். தெரிந்தே குறிப்பு எழுதாமல் விட்டேன்.' கீழே முழுப்பெயர், தன் வீட்டு எண்.

அலோய்சி அதை எழுத்துக்கு எழுத்து படித்தார். பிறகு மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"உங்க புறாக்கள்…" என்று ஆரம்பித்தாள்.

"பதின்மூணும் போனது போனதுதாம்மா." கதவருகே நின்றார். "கூண்டைத் திறந்தது உன் மாமனார்தானா?"

"அவர் இல்லேன்னு சத்தியம் பண்றார்."

"நீ நம்பறியா?"

"தெரியலய்யா."

அலோய்சி தலையை அசைத்துவிட்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். சதுக்கத்தைக் கடக்கும்போது எதிரே வந்த ஸ்டெஃபானியா நின்று ஏதோ கேட்டாள். அவர் கோட்டுக்குள்ளிருந்து தாளை எடுத்து, பனி விழுந்துகொண்டிருக்க, அவள் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.