பூசைக்கு முந்திய மாத்திரை

கிரிகரி ரயில் இன்ஜினில் கரி தள்ளியவர். நீராவி இன்ஜின்களெல்லாம் ஓய்ந்த பிறகும் அந்தக் கரி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தன் அடுக்குமாடி வீட்டுக்குப் படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார். தொண்ணூற்று நாலாம் வருஷம் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, மூன்று தடவை ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டார். எழுபதைத் தாண்டிய உடம்பு எத்தனை தடவைதான் தாங்கும், சொல்லுங்கள். இன்னொரு முறை வந்தால் மனுஷன் வீடு திரும்பமாட்டார் என்ற பயம் அவர் மனைவி சாந்தமேரியை உறங்கவிடவில்லை.

கிள்ளானில் டாக்டர் விநாயகமூர்த்தி நெஞ்சு நோய்க்குக் கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டு, கணவரை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். அவர் ஒரு புது மாத்திரையை எடுத்துக் காட்டினார்.

"ஆன்டி, இதுக்குள்ள இருக்கறது சளி உண்டாக்குற கிருமிங்கதான். செத்த கிருமி, பொடி பண்ணது. இதப் பாத்து உடம்பு சண்டைக்குப் பழகிக்கும். நோய் போயிடாது. அடிக்கடி காய்ச்சல் வர்றது சிலருக்குக் குறையும். மாசத்துல பத்து நாள், மூணு மாசம். காலையில வெறும் வயித்துல போடணும்."

"செத்தது நிச்சயம்தானே, டாக்டர்?" என்றார் கிரிகரி.

"நிச்சயம், அங்கிள்."

"அப்ப அடக்கம் பண்ண எடம் என் வயிறுதானா?"

டாக்டர் சிரித்துவிட்டார். சாந்தமேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரிகரி விடிந்ததும் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். கிளம்பும்போது மாத்திரையை அவர் கையில் வைப்பாள். "கோயில் கொழாயில தண்ணி புடிச்சுப் போட்டுக்கறேன்," என்பார். முதல் மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது பை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. உள்ளே மாத்திரைகள் ஒன்றோடொன்று உருகிக் கிடந்தன.

"என்னங்க இது?"

அவர் மறைக்கவில்லை. "பூசையில நன்மை அப்பம் வாங்கறதுக்கு முந்தி வாயில பச்சத்தண்ணிகூடப் படக்கூடாது. எங்கம்மா அப்படித்தான் வளத்தாங்க."

"சரி, பூசை முடிஞ்சு வந்து போடுங்களேன்."

"ஆண்டவர வாங்கின வயித்துல, அவருக்கு மேல கிருமியப் போடச் சொல்றியா? நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவச்சி."

அவள் பங்குச்சாமியார் மரியநாயகத்திடம் ஓடினாள். அவர் வீடு தேடியே வந்தார். "மருந்து உபவாசத்த முறிக்காது, அங்கிள். அந்தச் சட்டமெல்லாம் எப்பவோ மாறிடுச்சு. மனசு கேக்கலைன்னா, காலையில மருந்து போடுங்க, சாயங்காலம் நானே நன்மை கொண்டாந்து தரேன்."

"கிருமியத் தின்ன அன்னைக்கு வேண்டாம், பாதர்," என்றார் கிரிகரி. சாமியார் படியிறங்கியதும் மனைவி பக்கம் திரும்பினார். "சின்னப் பையன் லா. நான் மொத நன்மை வாங்கறப்ப இவரோட அப்பாவே பொறந்திருக்கமாட்டாரு."

அடுத்த மாதம் காட்டுத்தீப் புகைமூட்டம் வந்தது. எதிர்க் கட்டடமே தெரியாத அளவுக்கு வெள்ளையாக நின்றது. அவர் மூச்சு இரைகிற சத்தம் சமையலறைவரை கேட்டது. சாந்தமேரி ஒரு முடிவுக்கு வந்தாள். கிரில் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பத்து நாளைக்குப் பூசை கெடையாது. மாத்திரை மட்டும்தான். பத்து நாள் கழிச்சு நீங்க மோட்சத்துக்கே நடந்து போங்க, நான் கேக்கமாட்டேன்."

அவர் சண்டை போடவில்லை. அவள் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கிவிட்டு, மணியோசை வருகிற ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கோபமென்றால் அவள் சமாளித்திருப்பாள். பிள்ளை போல் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருந்தாலும் பூட்டைத் திறக்கவில்லை. உயிரோடு இருந்தால் ஆயிரம் பூசை பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பத்து நாள் முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முகத்தை மூடிப் பிராணவாயு வைத்தார்கள். சாமியார் வந்து நோயாளிக்கான ஜெபம் சொல்லி நெற்றியில் எண்ணெய் பூசினார். நன்மை அப்பம் இருந்த சிறு பேழையைத் திறக்கப்போனபோது நர்ஸ் தடுத்தாள். "வாயில ஒண்ணும் குடுக்கக்கூடாது, பாதர். நுரையீரலுக்குள்ள போயிடும்." ஒரு சிறு துணுக்காவது என்று சாந்தமேரி கெஞ்சினாள். முடியாது என்றுவிட்டார்கள். கிரிகரியின் கண்கள் அந்தப் பேழையையே பார்த்துக்கொண்டிருந்தன. மறுநாள் போய்விட்டார்.

அவள் கிள்ளானுக்கு ஒருமுறை தனியாகப் போனாள். "மொத மாசமே ஒழுங்கா சாப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாரா, டாக்டர்? இல்ல, இது ஆகாதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அவரக் கோயிலுக்காவது விட்டிருப்பேன்."

"சொல்ல முடியாது, ஆன்டி," என்றார் டாக்டர். "சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. இந்தப் புகையில எதுவும் சொல்ல முடியாது." அவர் பொய் சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷன், சொல்லவில்லை.

அவர் இறந்த முப்பதாம் நாள் பூசையில் எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் போனார்கள். சாந்தமேரி எழவில்லை. சாமியாரே அவள் இருந்த பெஞ்சுக்கு இறங்கி வந்து, அப்பத்தை அவள் உதட்டருகே நீட்டினார். அவள் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள். அவர் அப்பத்தோடு வரிசையில் நின்ற அடுத்தவரிடம் திரும்பிப் போனார்.