பிள்ளைக்காம்பரா ஜன்னலின் தாழ்ப்பாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் நலன்புரி உத்தியோகத்தன் நான். எழுத உட்கார்ந்தது ஓர் அறிக்கை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில், மூன்று வயது விதுஷா பின்பக்க ஜன்னல் வழியாக, வெளியே மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். அறிக்கையில் ‘காரணம்’ என்றொரு கட்டம் இருக்கிறது. அங்கே வந்ததும் பேனா ஓடவில்லை. கதை என்றால் ஓடுகிறது, என்ன செய்ய?

2

முதல் தொடக்கம்: அன்று மத்தியானம் யசோதினி ஜன்னலைத் தாழிட மறந்து—

(வேண்டாம். கை கூசுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: யசோதினி பதினொரு வருடமாக அங்கே பிள்ளை பார்க்கிறாள். குழந்தைகள் கண் அயர்ந்ததும் ஒவ்வொரு ஜன்னலாகத் தாழ்ப்பாள் போடுவாள். அன்றும் பின்ஜன்னலின் குமிழைப் பிடித்து, போகிற மட்டும் கீழே அழுத்தினாள். இறுக்கமாகத்தான் இருந்தது. ஜன்னல் கதவைத் தள்ளிப் பார்த்தாள். புதுப் பெயின்ட் பசையில் அது அசையவில்லை. சரி என்று பால்மா கரைக்கப் போனாள்.

3

இங்கே நீங்கள் கொட்டாவி விடலாம். விட்டுவிட்டு வாருங்கள், தாழ்ப்பாள் புரியாமல் யசோதினியைப் புரியாது.

தாழ்ப்பாள் என்றால் நாம் கம்பியைத்தான் பார்க்கிறோம். காவல் காப்பது கம்பியல்ல, சட்டத்தில் அது இறங்கும் ஓட்டை. கம்பி அரை விரலாவது உள்ளே இறங்க வேண்டும். குமிழ் பக்கத்துப் பள்ளத்தில், அதாவது காடியில், திரும்பி உட்கார வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆணியால் ஓட்டையைச் சுரண்டி, கம்பியைத் துடைத்து, ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விட்டால் போதும். (தேங்காயெண்ணெய் விடாதீர்கள், தூசி பிடித்துப் பிசினாகிவிடும்.) பெயின்ட் அடிப்பதென்றால் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

இவ்வளவும் எனக்கு முந்தாநாள்தான் தெரியும்.

4

சொன்னவர் றில்வான், பசறையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஜன்னலைப் பழுதுபார்க்க நான்தான் கூப்பிட்டேன். அவர் கம்பியை அழுத்திப் பார்த்தார். குனிந்து ஓட்டைக்குள் ஆணியை விட்டார்.

“யாருங்க பெயின்ட் அடிச்சது? வருசா வருசம் ஊத்துனதெல்லாம் ஓட்டைக்குள்ள கல்லு மாதிரி நிக்குது. கம்பி ஒரு நெல்லளவு எறங்குது, அவ்வளவுதான். காடியும் அடைஞ்சு போச்சு.”

“அப்ப தாழ்ப்பாள் போட்டிருந்தாலும்?”

“போட்ட மாதிரிதான் இருக்கும். பெயின்ட் பசை விட்டுச்சுன்னா, புள்ள ரெண்டு தரம் தள்ளுனாலே தொறந்துக்கும்.”

தோட்ட மனேஜரான பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால், இந்தத் தோட்டத்தில் மரம் மட்டை தாழ்ப்பாள் எல்லாம் வெள்ளையாகிவிடும். “கண்ணுல படுற எடமெல்லாம் அடிங்க, கழட்டிக்கிட்டு நிக்க நேரமில்ல” என்று பெயின்ட்காரர்களை ஒவ்வொரு வருடமும் விரட்டியது—

(இந்த வாக்கியத்தை மூன்று தரம் அடித்துவிட்டேன். இருந்து தொலையட்டும்.)

—நான்தான்.

5

முடிவு ஒன்று: ‘ஊழியரின் கவனக்குறைவு.’ இப்போதே வேலைக்கு வரவேண்டாமென்று நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் யசோதினி ஒரேயடியாக வீட்டுக்குப் போவாள். எனக்கு ஒன்றும் ஆகாது.

முடிவு இரண்டு: என் பெயர். அதற்குப்பின் என்ன நடக்கும் என்று எழுதாமலே மூன்றாவதற்குத் தாவிவிட்டேன்.

முடிவு மூன்று: ‘தொடர்மழையால் மரம் ஊதியது.’ மழை வந்து மறுக்கவா போகிறது? எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. வெட்கமாக இருந்தது.

அந்நேரம் பார்த்து யசோதினி என் அலுவலக அறைக்குள் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை.

“ஐயா, எனக்கே இப்பக் கொழப்பமா இருக்குங்க. போட்டேன்னுதான் நெனச்சேன். எல்லாரும் கேக்கக் கேக்க, போடலியோன்னு தோணுது. போட்டிருந்தா எப்படிங்க தொறக்கும்? விதுஷா அம்மா மொகத்தப் பாக்க முடியலீங்க.”

எப்படித் திறக்கும் என்று எனக்குத் தெரியும். “வெளிய உக்காருங்க, எழுதிட்டுக் கூப்பிடுறேன்” என்றேன். என்ன மனுஷன் நான்!

6

முடிவை நான் எழுதப்போவதில்லை. கட்டம் காலியாகவே இருக்கிறது. உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆறடி தூரத்தில் இருப்பவளிடம் சொல்லத்தான் முடியவில்லை. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கிறது. ‘நீ தாழ்ப்பாள் போட்டாய்’ என்று நீங்களாவது போய் அவளிடம் சொல்லுங்கள்.