இறங்கும்போது வாங்கும் திட்டு

சக்கரம் சென்னை ஓடுபாதையைத் தொட்டதுதான் தாமதம், படக் படக் என்று பெல்ட்டுகள் கழலும் சத்தம். விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் பாதிப் பேர் எழுந்து மேலேயிருந்த பைகளை உருவினார்கள்.

"உக்காருங்க சார்! ப்ளேன் இன்னும் நிக்கல!" என்று பணிப்பெண் கத்தினாள். ஒருவனும் கேட்கவில்லை.

குவைத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு லீவிலும் முதலில் எழுந்து திட்டு வாங்கியது நான்தான். என் மனைவி நஃபீசா கோட்டக்குப்பத்திலிருந்து வேன் பிடித்து வந்து, வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சலாம் சொன்ன கையோடு, "இந்த வாட்டியும் திட்டு வாங்கினீங்களா?" என்பாள். ஆமாம் என்றால், முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்த அவசரம் யாருக்காக என்று அவளுக்குத் தெரியும்.

அவள் மவுத்தாகி, அடக்கம் செய்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இன்றுதான் வருகிறேன், ஒரேயடியாக.

பக்கத்து சீட்டுக்காரன் என் முட்டியை இடித்தான். "ஜல்தி எழுந்திரு பாய், வெளிய வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாண்டிப் போய்யா" என்றேன். பெல்ட்டைக் கழற்றவில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு அந்தப் பணிப்பெண் என்னிடம் வந்தாள். "நீங்க ஒருத்தர்தான் சார் சொன்னதக் கேட்டீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.