கூட்டல் குறிக்கு உள்ளே

ஜலஜாவுக்கு மக்ரோனியைக் கண்டால் குமட்ட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் சேமியா உப்புமாகூடக் கிண்டுவதில்லை. ஏன் என்று கேட்ட கணவனிடம் வயிறு சரியில்லை என்று சொல்லி வைத்திருந்தாள். நிஜத்தைச் சொன்னால் அவனும் சாப்பிடமாட்டான்.

அமெரிக்காவில், பார்சிப்பனியில் அவள் வேலை பார்க்கிற கம்பெனி, டே கேர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறது. எல்லாம் இரண்டு வயதும் மூன்று வயதுமான குழந்தைகள். தட்டில் வேண்டாதது ஏதாவது கிடந்தால் டே கேர்காரர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தப் படங்களைத் திறந்து பார்த்து, இது முடியா, பிளாஸ்டிக்கா, பூச்சியா என்று பிரித்து, அட்டவணையில் அந்தந்தப் பத்தியில் ஏற்றுவது ஜலஜாவின் வேலை. சும்மா பார்த்தால் தெரியாது, பெரிதாக்க வேண்டும். மக்ரோனிக் குழாய்க்குள்ளிருந்து வெளுப்பாக எட்டிப் பார்ப்பது மாவா புழுவா என்று, திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து, தலை இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரும்பாலும் இருந்தது.

இதையெல்லாம் சேர்த்துத்தான் ரிப்போர்ட். பெரிய வித்தை ஒன்றுமில்லை, ஓர் அட்டவணை. மேலே 'தரம்' என்று ஒரே ஒரு பத்தி. பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி. அதை அழுத்தினால் சுவை, சூடு, நேரம், புகார் என்று நான்கு பத்தியாக விரியும். புகாரை அழுத்தினால் முடி, பிளாஸ்டிக், பூச்சி. பூச்சியை அழுத்தினால் மாதங்கள்: ஜூனில் இரண்டு, ஜூலையில் ஒன்பது, ஆகஸ்டில் பதினேழு, செப்டம்பரில் நாற்பத்தொன்று. திரும்ப ஒரு கழித்தல் குறியை அழுத்தினால் போதும், அத்தனையும் மடங்கி உள்ளே போய்விடும். 'தரம்: 97' என்று பச்சையில் ஓர் எண் மட்டும் நிற்கும். சாப்பாடு சூடாகப் போனது, நேரத்துக்குப் போனது என்ற நல்ல மார்க்கோடு புழுவையும் போட்டுப் பிசைந்தால் வருகிற தொண்ணூற்றேழு அது.

அக்டோபரில் ஒரு நாள் காலை, மேனேஜர் சேனாபதி அவள் மேஜையோரம் வந்து நின்றார். பல்லில் ஏதோ மாட்டியிருந்தது. நாக்கால் துழாவிக்கொண்டே பேசினார்.

"கான்ட்ராக்ட் ரினீவல் டைம்மா. கிளையண்ட்ஸுக்குப் போற ரிப்போர்ட்ட ஃபுல்லா கொலாப்ஸ் பண்ணிடுங்க. அந்த பிளஸ்ஸையும் லாக் பண்ணிடுங்க."

"சார், பூச்சி மட்டும் நாப்பத்தியொண்ணு சார்."

"அறுபதாயிரம் மீல்ஸ்ல நாப்பத்தியொண்ணு. பர்சன்டேஜ் போட்டுப் பாருங்க, ஒண்ணுமே இல்ல."

"பர்சன்டேஜ யாரும் தட்டுல வெச்சு சாப்பிடறதில்ல சார்."

அவர் சிரித்தார். மாட்டியிருந்தது வந்துவிட்டது, விரல் நுனியில் எடுத்துப் பார்த்து, அவள் மேஜை விளிம்பிலேயே தேய்த்தார். "நல்லா பேசறீங்க. உங்க கிரீன் கார்டு லெட்டர் என்கிட்டதான் நிக்குது, ஞாபகம் இருக்குல்ல? இன்னிக்கு சைன் பண்ணி லாயருக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

இந்த மனிதர் கம்பெனிச் சாப்பாட்டை ஒரு நாளும் தொட்டதில்லை. தினமும் வீட்டிலிருந்து டிஃபன் பாக்ஸில் தயிர்சாதம்.

ஜலஜா பூட்டினாள். இரண்டே க்ளிக். ரிப்போர்ட்டின் லிங்க் அறுபத்திரண்டு டே கேர்களுக்கும் போயிற்று. எழுந்து போய்க் கை கழுவினாள்; சோப்பு போட்டு மறுபடியும் கழுவினாள். சேனாபதி தேய்த்துவிட்டுப் போனதைத் துடைத்துவிடலாம். தன் விரல் செய்ததை எதைப் போட்டுத் துடைப்பது?

பதினொன்றே காலுக்கு ஜூடித் ஆன்ட்டி ஃபோனில் கூப்பிட்டார். மான்மவுத் ஜங்ஷனில் டே கேர் நடத்துகிறவர். ஜலஜாவின் பையன் ஷ்ரேயஸ் அங்கேதான் வளர்ந்தான். இப்போது இரண்டாம் வகுப்பு.

"ஜலஜா, பிசியா? உங்க ரிப்போர்ட்டு வந்துருக்கு. அடுத்த வருஷமும் உங்க சாப்பாடுதான்னு நான் இப்ப சைன் பண்ணணும். தரம் பக்கத்துல பிளஸ்ஸு இருக்கு, அமுக்கறேன், தொறக்க மாட்டேங்குது. போன வருஷம் தொறந்துச்சே. என் மௌஸு செத்துடுச்சா என்ன?"

"அது... சாஃப்ட்வேர்ல ஒரு பக் ஆன்ட்டி. டீம்ல பாத்துட்டிருக்காங்க."

பொய் எவ்வளவு வழுவழுப்பாக வந்தது பாருங்கள். அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அவ்ளோதானா. நீ போட்ட கணக்குதானே, சரியாத்தான் இருக்கும். சைன் பண்ணிடறேன். வெச்சிடட்டுமா, புள்ளைங்களுக்குத் தட்டு வெக்கிற நேரம்."

"இன்னிக்கு என்ன ஆன்ட்டி சாப்பாடு?"

"மக்ரோனிதான். ரெட் சாஸ் போட்டது. நல்லா சாப்பிடுதுங்க."

சிவப்புச் சாஸில் எதுவும் தெரியாது.

"ஆன்ட்டி, சைன் பண்ணாதீங்க. லைன்லயே இருங்க." பூட்டை எடுத்தாள். "இப்ப அமுக்குங்க. புகார்னு இருக்கும், அதையும். அப்புறம் பூச்சி."

மறுமுனையில் மௌஸ் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"பூச்சின்னா... ஈ, கொசுவா?"

"புழு ஆன்ட்டி. மக்ரோனிக்கு உள்ள."

ஃபோன் மேஜையில் விழுந்தது. தூரத்தில், உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் ஜூடித்தின் குரல்: "ஃபெமினா, ஸ்டாப். டேக் தி பிளேட்ஸ். ஆல் ஆஃப் தெம்." நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு குழந்தை, தட்டைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அழ ஆரம்பித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. ஜலஜா கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஜூடித் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "சின்னப் புள்ளைங்க ரூம்ல பாதிப் பேர் சாப்பிட்டு முடிச்சாச்சு." பின்னால் இன்னும் அழுகை கேட்டது. "உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

"ஜூன்லேருந்து."

"ஜூன்." அந்த ஒரு சொல்லை ஜூடித், வாயில் வந்த கல்லைத் துப்புகிற மாதிரி சொன்னார். ஃபோனை வைத்துவிட்டார்.

பூட்டியது போலப் பூட்டை ஒரே அடியாக எடுக்க முடியாது. ஒவ்வொரு டே கேருக்கும் தனியாகத்தான் எடுக்க வேண்டும். எடுத்தாலும், அவர்கள் அதைத் திறந்து பார்ப்பதற்குள் குழந்தைகள் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். ஜலஜா கிளையண்ட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டாள். பெரும்பாலான இடங்களில் பன்னிரண்டுக்குத்தான் சாப்பாடு. மணி பதினொன்று இருபத்தைந்து.

மூன்றாவது நம்பரில் பேசிக்கொண்டிருந்தபோது சேனாபதி வந்துவிட்டார். திரையில் பூச்சிப் பத்தி விரிந்து கிடந்தது.

"என்ன பண்றீங்க? யார்கிட்ட பேசறீங்க? அந்த லெட்டர் இன்னும் என் டேபிள்லதான் இருக்கு ஜலஜா."

"இருக்கட்டும் சார்."

முகத்தை அவர் பக்கம் திருப்பவில்லை. பார்த்தால் வாந்தி வந்துவிடும் போலிருந்தது. வந்தால் நேரம் போய்விடும். அந்த அழைப்பை முடித்துக்கொண்டு அடுத்த எண்ணைப் போட்டாள். ஐசலினில் ஒரு டே கேர். யாரோ ஓர் இளம்பெண் எடுத்தாள்.

ஜலஜா பெயரைச் சொல்லவில்லை, கம்பெனியைச் சொல்லவில்லை. குழந்தைகளுக்குத் தட்டு வைத்துவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டாள்.