நல்ல தண்ணி

1

டமார்!

சூலூர் தாண்டியதும் திருப்பூர் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. இந்தக் கதை எனக்கு அங்கேதான் கிடைத்தது. யோசித்து உண்டாக்கினேன் என்று பெருமையடிக்க வழியில்லை. எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண் மட்டும் மடியிலிருந்த தெர்மாகோல் பெட்டியைப் பிடித்தாள். கீழே இறங்கியதும் திறந்து பார்த்தாள். நான்கு சின்னப் புட்டிகளில் மஞ்சள் திரவம். ஜூஸா என்று கேட்டேன்.

"வெள்ளிங்க" என்றாள்.

இருபது வருடமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவன் நான். மஞ்சளாக ஒரு வெள்ளி என்றால் விடுவேனா? மாற்று பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆய்வுக்கூடத்தில் அந்த அழகி..." அடித்துவிட்டேன். பெட்டியோடு வந்த அந்த ஆய்வு மாணவி, அன்புச்செல்வி, படித்தால் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்.

அடுத்து: "நானோ என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாக..." நீங்கள் பக்கத்தைப் புரட்டும் சத்தம் இங்கே கேட்கிறது.

அவள் சொன்ன விதமே நன்றாக இருந்தது. வெள்ளியை நுண்ணிய துகள்களாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால், வெளிச்சத்திலுள்ள நீலத்தை அது விழுங்கிவிடும்; மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சள். அதில் தக்காளி கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டைக் கலந்து லேசர் அடித்தால், திரும்பும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும். ராமன் நிறமாலை என்று பெயர். தக்காளியில் பூச்சிமருந்து ஒட்டியிருந்தால், அதற்கே உரிய கோபுரங்கள் திரையில் எழும். (அவள் 'பீக்' என்றாள். கோபுரம் என்னுடையது.) தனியாக அந்த ஒளி மிக மங்கல். வெள்ளித் துகள் பக்கத்தில் இருந்தால் பல மடங்கு கூடும்.

மார்ச்சில் அவளுக்குக் கோபுரங்கள் எழுந்தன, துறையே பொறாமைப்படும் உயரத்தில். படத்தை ஆய்விதழுக்கு அனுப்பினாள். ஏப்ரலில் அதே வெள்ளி, அதே லேசர்; திரையில் வெறும் கோடு. மறுபடி செய்து காட்ட முடியுமா, வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வேண்டும் என்று ஆய்விதழ் கேட்டுவிட்டது. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் முனைவர் பட்டம். நிராகரித்தால் இன்னொரு வருடம். ஆறு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

3

ஒரு வில்லன் வேண்டும். என் கை அப்படிப் பழகியது. ஆய்வுக்கூட உதவியாளர் மெர்சியை எடுத்துக்கொண்டேன்: "மெர்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கையிலிருந்த கேனில்..."

இந்த வாக்கியம் முடியாது. மெர்சி அப்படிப்பட்டவரில்லை. ஆனால் கேன் உண்மை.

மார்ச்சில் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவி பழுது. வெள்ளியை நீர்க்கவைக்க, நல்ல தண்ணி ஒரு கேன் பிடித்து வைக்கச் சொல்லி மெர்சியிடம் போனில் சொல்லியிருந்தாள் அன்புச்செல்வி. அவள் நினைத்தது, பக்கத்துத் துறையிலிருந்து வடித்த தண்ணீர். கோயமுத்தூரில் நல்ல தண்ணி என்றால் ஒன்றே ஒன்றுதான்: சிறுவாணி.*

(* வெளியூர்க்காரர்களுக்கு: மலையிலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். மற்றதெல்லாம் எங்களுக்கு உப்புத் தண்ணி. உலகத்திலேயே ருசியான தண்ணீர் எங்களுடையது. அளந்து பார்த்ததில்லை, சந்தேகமும் இல்லை.)

மெர்சி, குழாயில் சிறுவாணி வந்த அன்று காத்திருந்து பிடித்து வைத்தார். போன வாரம் துருவித் துருவிக் கேட்டபோதுதான் வெளியே வந்தது. அவருக்குக் கோபம்கூட.

"ஏனம்மணி, நல்ல தண்ணி கேட்டா நானு போர்த் தண்ணியா புடிச்சு வெப்பேன்?"

ஏப்ரலில் கருவி சரியாகி, அவள் வடித்த தண்ணீருக்கே திரும்பியிருந்தாள்; அதில் துகள்கள் விலகி நிற்கின்றன. சிறுவாணியில் இருக்கும் இம்மி உப்பு அவற்றை நெருங்க வைக்கிறது. அந்த இடுக்கில்தான் ஒளி பெருகுகிறது. எங்கள் சிறுவாணியில் உப்பா என்று நான் முறைத்தேன். எல்லாத் தண்ணியிலும் கொஞ்சம் உண்டு என்று சமாதானப்படுத்தினாள். பிறகு வடித்த தண்ணீரில் அளந்து உப்புச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். பத்து முறையும் கோபுரங்கள் எழுந்தன. தன் கைராசியோ என்ற சந்தேகமும் தீரட்டும் என்று, திருப்பூரில் ஒரு கல்லூரியில் வேறு ஆட்கள் செய்து பார்க்கத்தான் இந்தப் புட்டிகள்.

4

அவளுடைய நெறியாளர் பேராசிரியர் அரங்கசாமி நல்லவர்தான். உப்பைத் திட்டமிட்டே சேர்த்ததாக எழுதிவிடச் சொன்னார். குழாய்த் தண்ணீர் கலந்தது தெரிந்தால் மற்ற முடிவுகளையும் சந்தேகிப்பார்கள், கட்டுரையைத் தூக்கி எறிவார்கள் என்றார். ஆனாலும் பதில் போவது அவள் பெயரில். முடிவை அவளிடமே விட்டுவிட்டார்.

முடிவு ஒன்று: 'திட்டமிட்ட உப்பு' என்று எழுதுகிறாள். பட்டம் வாங்குகிறாள். அரங்கத்தில் மெர்சி கைதட்டுகிறார். (தானும் கைதட்டல் வாங்க வேண்டியவர் என்று மெர்சிக்குத் தெரியாது. எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: உண்மையை எழுதுகிறாள். ஆய்விதழ் எழுந்து நின்று... வேண்டாம். ஆய்விதழுக்குக் கால் கிடையாது.

அது ஏற்குமா, எறியுமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கும் தெரியாது. மாற்று பஸ்ஸில் ஏறும்போது, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே, நிதானமாக யோசித்து எழுதலாமே என்று பெரிய மனிதன்போலச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவள் சொன்னாள்:

"யோசிச்சாச்சுங்க. சிறுவாணித் தண்ணின்னே எழுதி, கட்டுரையில மெர்சியக்கா பேரையும் சேர்த்து, காலையிலயே அனுப்பிச்சுபோட்டேனுங்க."