அத்தை போட்ட கோடுகள்

காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். "நீங்க வரைஞ்சதுன்னு சொல்றீங்க. ஆதாரம் இருக்கா?"

என் மாமியார் சுவரில் மாட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே சீராகத் தொடங்கி, கீழே இறங்க இறங்கத் தள்ளாடிப்போகும் இருநூறு கோடுகள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால், ஆராய்ச்சி நிலையத்தில் கணினிக்கு நிரல் எழுதும் வேலையில் இருந்தபோது, சாப்பாட்டு இடைவேளைகளில் அதே கணினியை வைத்து அத்தை வரையவைத்த படம். அடியில் இருந்த பெயரோ அங்கே இயக்குநராக இருந்தவருடையது. அவர் போய்ச் சேர்ந்தே பல வருஷமாகிறது.

"கொண்டுவரேன்," என்றார் அத்தை.

பஸ்ஸில் கேட்டேன். "எப்படி அத்தை? பழைய தாள் ஒண்ணுகூட இல்லையே."

"தாள் எதுக்கு? கோடு எவ்வளவு தள்ளாடணும்னு முடிவு பண்ற சூத்திரம் நான் எழுதினது. தொடக்கத்துல ஒரு எண் கொடுக்கணும். அதே எண்ணைக் கொடுத்தா அதே தள்ளாட்டம்தான் வரும். நான் கொடுத்தது வேலையில சேர்ந்த தேதி. அந்த மனுஷருக்கு அது தெரியாது."

நான் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். எழுத்து வெட்டும் பிளாட்டரில் கத்தியைக் கழற்றிவிட்டு மார்க்கர் பேனாவைப் பொருத்தினேன். அத்தை என் லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி நிரலை எழுதி முடித்தார். மறுபக்கம் தெரிகிற பிளாஸ்டிக் தாளை, படத்தின் அளவுக்கே வெட்டி மாட்டினோம். முதல் தாளைப் பேனா கிழித்தது. இரண்டாவதில் பாதியிலேயே மை நின்றுபோனது. மூன்றாவதில் கோடுகள் பளிச்சென்று விழுந்தன, ஆனால் அது வேறு படம்.

அத்தைக்கு முகமே செத்துவிட்டது. நிரலை மேலிருந்து வரி வரியாகப் படித்துப் பார்த்தார். பிறகு தலையில் தட்டிக்கொண்டார். "அப்பல்லாம் வருஷத்துக்கு ரெண்டு இலக்கம்தான் போடுவோம். நான் நாலு போட்டுட்டேன்."

நான்காவது தாளை எடுத்துக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போனோம். படத்தின் மேல் அதைப் பொருத்திப் பிடித்தார். இருநூறு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. மூலையில் முட்டிக்கொண்டு நின்ற இரண்டு கோடுகள்கூட.

பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். "பெயர்ப்பலகையில 'உதவி'ன்னு உங்களையும் சேர்த்துடலாம்."

"உதவி பண்ணினது அந்த இயக்குநர். நான் சாப்பிடாம உட்கார்ந்திருந்தப்ப விளக்கை அணைக்காம போனார். வேணும்னா அதை எழுதுங்க."

"அவர் குடும்பம் சம்மதிக்கணும்மா."

"என் படத்துக்கு அவங்க சம்மதம் எதுக்கு?" தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பிளாட்டரைக் கடை வாசல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க, அது ஒவ்வொரு கோடாகப் போட்டது. கடைக் கண்ணாடியில் ஓரடி உயர எழுத்தில் அத்தையின் பெயரை ஒட்டினேன். என் ஸ்டிக்கர் ஆர்டர்கள் தேங்கின. அவற்றை ராத்திரியில் வெட்டிக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுத்தார்.

இரண்டாவது வாரம் பொறுப்பாளரே வந்துவிட்டார். பலகையை அவர் இன்னும் மாற்றவில்லை. "கொஞ்சம் நிறுத்தி வைங்கம்மா. வர்றவங்க எல்லாம் எங்களைக் கேள்வி கேட்கிறாங்க."

அத்தை அடுத்த தாளை மாட்டினார்.

"கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியது நீங்கதானே?"